வரத்துக் கால்வாய் இரண்டு ஊராட்சிகளில் ஓடினால் தூர்வாருவது யார் பொறுப்பு?

உங்கள் ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயைத் தூர்வாரக் கோரி, ஊராட்சித் தீர்மானத்துடன் வேலூர் ஆட்சியரகத்துக்கு அனுப்பிய மனு இரண்டு முறை திரும்பி வந்ததாக எழுதியிருந்தீர்கள். இதற்கு உங்கள் ஊராட்சியின் தீர்மானம் மட்டும் போதாது. கால்வாயின் மேல்பகுதி பக்கத்து ஊராட்சியில் இருப்பதாகச் சொல்கிறீர்கள், ஆகவே அங்கும் அதே வாசகத்தில், அதே புல எண்களுடன் கிராம சபைத் தீர்மானம் நிறைவேறி, இரண்டும் ஒன்றாக மேலே செல்ல வேண்டும்.

மனு இரண்டு முறை திரும்பியதற்கு, 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது காரணமாக இருக்கக்கூடும். மேல்பகுதி இப்போது இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருந்தால், வேலூர் ஆட்சியரகம் அதில் நேரடியாக ஆணையிட இயலாது. இதை மனுவைத் திருப்பி அனுப்புபவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்பட (நில அளவை வரைபடம்) நகலையும் 'அ' பதிவேட்டையும் (கிராம நிலங்களின் விவரப் பதிவேடு) பார்த்து, கால்வாய் எந்தெந்தக் கிராமக் கணக்கில் புறம்போக்காகப் பதிவாகியுள்ளது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஏரியின் ஆயக்கட்டை, அதாவது அதன் நீரால் பாசனம் பெறும் நிலப்பரப்பைக் கேளுங்கள். அது 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் ஏரி நீர்வளத் துறையைச் சேர்ந்தது. குறைவென்றால் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. துறை மாறினால் மனுவின் முகவரியே மாறிவிடும்.

மாவட்டத் திட்டக் குழுவை அணுகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நீர்ப் பகிர்வு போன்ற பொது விவகாரங்களைக் கருத்தில் கொண்டு உள்ளாட்சிகளின் திட்டங்களை ஒருங்கிணைக்கவே அரசமைப்பின் 243இசட்டி பிரிவு அக்குழுவை ஏற்படுத்துகிறது. ஆனால் அது வரைவுத் திட்டம் தயாரிக்கும் அமைப்பே தவிர, பணிக்குப் பணம் விடுவிக்கும் அலுவலகம் அன்று. அதன் வரம்பும் மாவட்ட எல்லையோடு முடிந்துவிடும்.