ஆணுறைன்னு வாயெடுத்தாலே சந்தேகப்படறாரு

கேள்வி: அக்கா, வியாசர்பாடில இருக்கேன், நாலு வீட்ல பாத்திரம் தேய்க்கிறேன். ரெண்டாவது குழந்தையோட குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிட்டேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டறாரு, மாசத்துல பாதி நாள் வெளியூர். கொஞ்ச நாளா வெள்ளைப்படுது, அரிப்பு, அடிவயிறு வலி. ஆஸ்பத்திரில மாத்திரை குடுத்து, முடியற வரைக்கும் ஆணுறை போடச் சொல்லுன்னாங்க. சொன்னா, "ஆபரேஷன் பண்ணவளுக்கு எதுக்குடி இது, எவன்கூட போன"ன்னு கேக்குறாரு. இப்போ பரவால்ல, மாத்திரைய நிறுத்திடவா?

பதில்: நிறுத்தாதீங்கம்மா. அரிப்பு அடங்கினாலும் கிருமி உள்ள இருக்கலாம். வெள்ளைப்பட்டாலே பால்வினை நோய்னு இல்ல, சாதாரண பூஞ்சையா கூட இருக்கலாம், அதனால இப்பவே யார் மேலயும் பழி போட வேணாம். ஆனா பால்வினைத் தொற்றுதான்னா அவரும் மருந்து சாப்பிடணும், இல்லன்னா உங்களுக்கு சரியாகி மறுபடி அவர்கிட்டருந்தே ஒட்டிக்கும். "எனக்கு ஒண்ணுமில்லயே"ம்பாரு, பல ஆம்பளைங்களுக்கு அறிகுறியே தெரியாது.

ஆபரேஷனோ காப்பர் டியோ கர்ப்பத்ததான் தடுக்கும், கிருமிய இல்ல. ஆனா நம்ம ஊர்ல 1968ல நிரோத் ஆணுறை வந்ததே குடும்பக் கட்டுப்பாட்டுக்குன்னுதான, அதனால ஆபரேஷன் ஆனவ உறை கேட்டா ஒண்ணு அவ தப்பு பண்ணிருக்கா, இல்ல புருஷன சந்தேகப்படறான்னு ஆயிடுது. இந்த பயத்துல வாயே திறக்காதவங்க எத்தனையோ பேர். 1986ல சென்னைல டாக்டர் சுனிதி சாலமன் குழு நாட்டோட முதல் எச்.ஐ.வி. தொற்ற கண்டுபிடிச்சப்ப 'அந்த மாதிரி' பொண்ணுங்க நோய்னு பேசினாங்க, அப்புறம் புருஷன தவிர யாரையும் தெரியாத வீட்டுப் பொண்ணுங்களுக்கும் இருந்துச்சு.

அதனால நீங்க கேக்காதீங்க, டாக்டர் கேக்கட்டும். "எனக்கு தொற்று இருக்கு, மருந்து முடியற வரைக்கும் சேரக்கூடாதாம், இல்ல உறை போடணுமாம், உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க"ன்னு சீட்ட காட்டிப் பேசுங்க. குடிச்சிருக்கறப்ப வேணாம், ஒத்த ரூம்ல மாமியாரும் பசங்களும் படுத்திருக்கறப்பவும் வேணாம், அவர் வண்டிக்கு கிளம்பற முன்னாடி டீக்கடை வரைக்கும் நடந்துக்கிட்டே சொல்லலாம். ஆஸ்பத்திரிக்கு வர வெக்கப்பட்டா எய்ட்ஸ் உதவி எண் 1097க்கு போன் பண்ணச் சொல்லுங்க, காசில்ல, லாரில போறப்ப எங்கயாவது நிறுத்திட்டு கூட பேசலாம். அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல ரெண்டு பேருக்கும் எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை இலவசம், ரிசல்ட்ட வெளிய சொல்லக்கூடாதுன்னு 2017ல சட்டமே இருக்கு.

கை ஓங்கினாருன்னா அன்னிக்கு வாக்குவாதம் பண்ணாம பக்கத்து வீட்டுக்குப் போய் பெண்கள் உதவி எண் 181க்கு கூப்பிடுங்க. வலி அதிகமாகி காய்ச்சலும் வந்தா, சீட்டுல போட்ட தேதிக்கு காத்திருக்காம அன்னிக்கே போயிடுங்க.