வாசகர் கேள்வி: அந்தக் காதல் எதற்கு?

கேள்வி: 1956-ல் வந்த 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' படத்தை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். வானத்திலிருந்து வந்த விதைகள் காயாகி, தூங்குகிற மனிதர்களை அப்படியே பிரதி எடுக்கிற கதை பயமாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் அந்த டாக்டருக்கும் பெக்கிக்கும் காதல் எதற்கு? நம்ம ஊர்ப் படத்தில் டூயட் வைக்கிற மாதிரி திணித்தது என்கிறார் என் கணவர். சரியா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: இதில் நான் உங்கள் கணவர் கட்சி இல்லை. அந்தக் காதலை எடுத்துவிட்டால் வெறும் காய்தான் மிஞ்சும்.

ஆரம்பத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு சின்னப் பையன் 'இது என் அம்மாவே இல்லை' என்று அலறுகிறான். வில்மா என்கிற பெண், தன்னை வளர்த்த மாமா இப்போது மாமாவாக இல்லை என்கிறாள். முகம் அதே, குரல் அதே, பழைய சங்கதிகள் எல்லாம் அவருக்கு நினைவிருக்கின்றன, ஆனால் இவளைப் பார்க்கும்போது கண்ணில் வருகிற அந்தப் பிரியம் மட்டும் காணோம். போலீஸிடம் போய் இதை எப்படிச் சொல்வது? கூடவே இருந்து பாசம் வைத்தவருக்குத்தான் இது தெரியும். அதனால்தான் டாக்டர் மைல்ஸுக்கு ஒரு காதலி வேண்டியிருக்கிறது.

இருவரும் உணர்ச்சியே இல்லாதவர்கள் மாதிரி நடித்துக்கொண்டு தெருவில் நடக்கும்போது, ஒரு நாய் லாரியில் அடிபடப் போக, பெக்கி தன்னையறியாமல் கத்திவிடுகிறாள், அந்தக் கத்தல்தான் அவர்களைக் காட்டிக் கொடுக்கிறது. அப்புறம் குகைக்குள் ஒளிகிறார்கள். மைல்ஸ் கொஞ்ச நேரம் வெளியே போய்த் திரும்புவதற்குள் அவள் கண்ணயர்ந்துவிட, திரும்பி வந்தவர் முத்தமிடுகிறார். அவள் கண்ணைத் திறக்கிறாள். பெக்கியாக நடித்த டேனா வின்டரின் முகம் திரை முழுக்க, அதே முகம், உள்ளே ஆள் இல்லை. கத்தியும் ரத்தமும் காட்டுகிற எந்தப் படமும் எனக்கு இந்த அளவு நடுக்கம் தந்ததில்லை.

ஒரு சொந்த விஷயம். என் தாத்தா கடைசி ஒரு வருஷம் பாட்டியைப் பார்த்து 'நீ அவ இல்ல, அவள மாதிரியே சேலை கட்டிட்டு வந்திருக்க' என்பார். திருவல்லிக்கேணி வீட்டுக் கூடத்தில் பாட்டி காபி டம்ளரை நீட்டியபடியே, 'சரி, அவ வர்ற வரைக்கும் இதைக் குடிங்க' என்பாள். இப்படி ஒரு நோய்நிலை உண்டு என்று 1923-லேயே பிரான்ஸ் நாட்டு மனநல மருத்துவர் ஜோசப் காப்க்ரா எழுதிவைத்திருக்கிறார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் குகைக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டியின் கைதான் நினைவுக்கு வரும்.

கேள்வி: முடிவு ஏன் சப்பென்று இருக்கிறது? (வாசகர், குரோம்பேட்டை)

பதில்: அது இயக்குநர் டான் சீகல் விரும்பி வைத்த முடிவு இல்லை. மைல்ஸ் நெடுஞ்சாலையில் கார்களுக்கு நடுவே கத்திக்கொண்டு ஓடுவதோடு முடிக்கத்தான் அவர் நினைத்தார், தயாரித்த கம்பெனி பயந்துபோய் முன்னும் பின்னும் ஆஸ்பத்திரிக் காட்சிகளைச் சேர்க்கவைத்தது. இதே கதையை 1978-ல் ஃபிலிப் காஃப்மன் மறுபடி எடுத்ததையும் பாருங்கள். அதில், பழைய படத்தில் மைல்ஸாக நடித்த கெவின் மெக்கார்த்தி, வயதான முகத்தோடு, இன்னமும் கத்திக்கொண்டே ஓடி வருவார். அதன் முடிவைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: தமிழில் இப்படி ஒரு கதை உண்டா? (வாசகர், மடிப்பாக்கம்)

பதில்: பெரிய புராணத்திலேயே இருக்கிறதே! சாத்தனூரில் மூலன் என்கிற இடையன் இறந்துகிடக்க, பசுக்கள் சுற்றி நின்று கதறுகின்றன. அந்த வழியே வந்த சிவயோகி மனம் இரங்கி அவன் உடம்பில் புகுந்துகொள்கிறார், அவர்தான் திருமூலர். ஆக்கிரமிக்க வந்தவர் இல்லை, கருணையால் வந்தவர், அது பெரிய வித்தியாசம். ஆனால் சாயங்காலம் மாடுகள் வீடு திரும்பியதும் மூலனின் மனைவி ஓடிவந்து அவரைத் தொடப் போகிறாள். உனக்கும் எனக்கும் ஓர் உறவும் இல்லை என்று விலகி, மடத்துக்குள் போய்விடுகிறார். மறுநாள் அவள் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வருகிறாள், அவர்களும் இவர் யோகி என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

திருமூலர் மூவாயிரம் பாட்டுப் பாடினார். அன்றைய இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்த அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து யாராவது இதைப் படமாக எடுக்க வேண்டும், அதை நான் முதல் நாள் முதல் காட்சியே போய்ப் பார்ப்பேன்.