பெரியப்பா வாய்விட்டுச் சொல்லவேண்டுமா?

அன்புள்ள ஐயா,
அப்பா போனபின் என்னை வளர்த்தவர் பெரியப்பா. என் கல்யாணத்துக்கு மூன்று மா நிலத்தை விற்றார். இப்போது நுரையீரலில் புற்று. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். என்மேல் பிரியம் என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. கடைசியிலாவது சொல்லவேண்டும் என்று நினைப்பது பேராசையா?
ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள வாசகிக்கு,
பேராசை இல்லை. சொல்வதுதான் நல்லது. ‘மனசுல இருக்கு, வாயால எதுக்கு’ என்பது பெற்ற பிள்ளைக்குச் சரிப்படலாம். வளர்த்த பிள்ளைக்கு ‘கடமைக்கு வளர்த்தாரோ’ என்ற கேள்வி உள்ளே கிடக்கும். அவர் போனபின் அதற்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது.

ஆனால் ‘என்மேல் பிரியமா’ என்று கேட்காதீர்கள். ‘போய்ச் சாப்பிடு’ என்பார். (டெல்டாவில் அதுவும் பதில்தான்.) அந்த மூன்று மாவைக் கேளுங்கள். கிட்டத்தட்ட ஒரு ஏக்கர்! ‘விக்கிறப்போ மனசு கஷ்டமா இருந்துச்சா பெரியப்பா?’ அதற்கு என்ன சொன்னாலும் உங்களைப் பற்றித்தான் சொல்வார்.

நேரம் முக்கியம். வலிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொடுக்கும் மார்ஃபின் மருந்து என்றால், கொடுத்து ஒரு மணி நேரத்தில் வலி நன்றாக அடங்கியிருக்கும். தெளிவாகப் பேசட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். வலியில் பேச்சே வராது. மருந்து தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமாகவே இருப்பார், பிறகு பழகிவிடும். சாயங்காலம் குழப்பம் கூடும், அதனால் காலையில் பேசுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ செவிலியர் வந்தால் மருந்து நேரத்தைக் கேட்டு எழுதிவையுங்கள்.

முதலில் ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிடுங்கள். வறண்ட நாக்கில் சொல் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் ஓடினால் உதட்டில் வாசலின் கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. தலைமாட்டை உயர்த்தி, முகத்தில் மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். பார்க்க வந்த சொந்தங்கள் திண்ணையிலேயே இருக்கட்டும். நாலு பேர் முன்னால் அவர் வாயே திறக்கமாட்டார்.

கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். மூச்சு வாங்குகிறவர் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிற்பார். அதற்குள் நீங்கள் அழுதால், உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார். சொல்ல வந்தது போயே போய்விடும். பத்து நிமிடம் போதும்.

ஒன்றும் வரவில்லையென்றால் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். நினைவு தப்பியபின்னும் காது கேட்கக்கூடும், அப்போதும் பேசலாம். பால் ஊற்ற வருகிறவர்களிடம் மட்டும் உதட்டை நனைத்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். விழுங்க முடியாதவருக்கு ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.