பிள்ளைகளின் முதுகு வளைவும் சின்னக் கீறல் ஆபரேஷனும்: கேள்வி பதில்

வணக்கம். பிள்ளைகளின் முதுகெலும்பு அறுவை சிகிச்சைதான் என் வேலை. ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொள்வது பற்றி இந்தக் குழுவில் இன்று மாலை கேளுங்கள். எக்ஸ்ரேயில் வளைவை அளக்கும் காப் கோணம் எத்தனை டிகிரி, வயது என்ன, பெண் பிள்ளையென்றால் வயதுக்கு வந்து எத்தனை மாதம் ஆகிறது என்பதைத் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள்.

மகளுக்கு 14 வயது. மார்புப் பகுதியில் 54 டிகிரி. வயதுக்கு வந்து இரண்டு வருடம். முதுகில் நீளத் தழும்பு விழுந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இடிக்கும் என்று மாமியார் அழுகிறார். சின்னக் கீறலில் செய்ய முடியுமா மேடம்?

முடியலாம் அம்மா. ஆனால் ‘சின்னக் கீறல்’ என்ற பெயரில் இரண்டு வேறு ஆபரேஷன்கள் உலவுகின்றன. முதலில் அதைப் பிரித்துக்கொள்வோம்.

ஒன்று, முதுகு வழியாக. நடுமுதுகில் ஒரே நீளக் கீறலுக்குப் பதில் இரண்டு மூன்று சிறு கீறல்கள் போட்டு, தசையை எலும்பிலிருந்து உரிக்காமல் விலக்கி, ஸ்க்ரூக்களைப் பொருத்தி, கம்பியைத் தசைக்கு அடியில் நுழைப்பார்கள். உள்ளே நடப்பது வழக்கமான ஆபரேஷன்தான்: அதே ஸ்க்ரூ, அதே கம்பி, முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் அதே ‘ஃப்யூஷன்’. ரத்த இழப்பு குறையும். ஆபரேஷன் நேரம் கூடும், எக்ஸ்ரே கதிரும் கூடலாம். எலும்பு ஒட்ட வேண்டிய பரப்பு கண்ணுக்குக் குறைவாகத் தெரிவதால் ஒட்டுவேலையில் கூடுதல் கவனம் வேண்டும். வளைவு மிகப் பெரிதாகவோ விறைப்பாகவோ இருந்தால் இந்த வழி சரிவராது. உங்கள் மகளுக்கு இது பொருந்துமா என்பதை, பக்கவாட்டில் சாய்த்து எடுக்கும் எக்ஸ்ரே சொல்லும்.

இரண்டாவது, விலாப் பக்கமாகக் கேமரா விட்டு, எலும்பை ஒட்டவைக்காமல் கயிற்றால் இழுத்துக் கட்டும் ‘டெதர்’. அதற்கு வளர்ச்சி மிச்சம் இருக்க வேண்டும். வயதுக்கு வந்து இரண்டு வருடம் என்றால் பெரும்பாலும் வளர்ச்சி முடியும் தறுவாயில் இருப்பாள். தழும்பைப் பற்றி மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள்: நடுமுதுகுத் தழும்பு நாளடைவில் மெல்லிய கோடாகிவிடும். 54 டிகிரியை அப்படியே விட்டால், வளர்ச்சி நின்ற பிறகும் அது மெல்ல மெல்லக் கூடும்.

புத்தகப் பையின் கனத்தால் வந்திருக்குமா?

இல்லை.

12 வயது, 34 டிகிரி, இன்னும் வயதுக்கு வரவில்லை. பெல்ட் போட மாட்டேன் என்று அடம். நேராகச் சின்ன ஆபரேஷனே செய்துவிடலாமா?

வேண்டாம். பெல்ட், அதாவது உடம்பைச் சுற்றி அணியும் ‘பிரேஸ்’, பலனளிக்கும் காலம் இதுதான். 2013இல் வெளியான அமெரிக்க-கனடிய ஆய்வில், வளர்ச்சி முடியும்வரை 50 டிகிரியை எட்டாமல் தப்பியவர்கள் பெல்ட் போட்டவர்களில் 72 விழுக்காடு, போடாதவர்களில் 48 விழுக்காடு. ஒரு நாளைக்குச் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் தப்பினார்கள். பள்ளிக்குப் போட்டுப்போகக் கூச்சமென்றால், வீடு திரும்பியதிலிருந்து மறுநாள் காலைவரை போடட்டும். அவளையே உட்கார வைத்து எக்ஸ்ரேயைக் காட்டுங்கள். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

மகளுக்கு 11 வயது, 48 டிகிரி, எலும்பு வளர்ச்சி ரிஸ்ஸர் 0. பெல்ட் பலிக்கவில்லை. டெதர் போடலாமா?

யோசிக்கத் தகுந்த பிள்ளை. ரிஸ்ஸர் என்பது இடுப்பெலும்பு எக்ஸ்ரேயில் பார்க்கும் வளர்ச்சி அளவு; 0 என்றால் வளர்ச்சி இன்னும் மிச்சம் இருக்கிறது. வளைவின் வெளிப்பக்கத்தில் முள்ளெலும்புகளில் ஸ்க்ரூ வைத்து, அவற்றை ஒரு பாலிமர் கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். அழுத்தம் விழும் பக்கம் எலும்பு மெதுவாக வளரும், எதிர்ப்பக்கம் வேகம் பிடிக்கும். பிள்ளை வளர வளர முதுகும் நிமிரும். 2019 ஆகஸ்டில் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுமதிக்கும் அமைப்பான எஃப்.டி.ஏ., 30 முதல் 65 டிகிரி வரை, வளர்ச்சி மிச்சமுள்ள பிள்ளைகளுக்கு இதை அனுமதித்தது. அரிய பயன்பாட்டுக் கருவிகளுக்கான தனி அனுமதி அது. அதற்கு, பலன் கிடைக்கலாம் என்ற அளவு சான்று போதும்.

(அதே தந்தை) அப்படியானால் ஃப்யூஷன் பழைய காலத்து முறைதானே? டெதர் போட்ட பிள்ளைகள் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்வதை வீடியோவில் பார்த்தேன். முதுகைக் கட்டையாக்குவதை ஏன் இன்னும் செய்கிறீர்கள்?

(இடையில், உறுப்பினரான ஒரு இயன்முறை மருத்துவர்) ஃப்யூஷன் முடிந்த பிள்ளைகள் நீந்துவதை நான் தினமும் பார்க்கிறேன். பெற்றோரைப் பயமுறுத்தாதீர்கள் சார்.

இருவரும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மார்புப் பகுதி முள்ளெலும்புகள் விலாவோடு பிணைந்தவை. அங்கே ஒட்டவைத்தால் இழக்கும் அசைவு குறைவு. கீழ்முதுகுக்குள் இறங்க இறங்க இழப்பு கூடும், டெதரின் கவர்ச்சியும் அங்கேதான். ஆனால் வீடியோவில் வராததையும் பாருங்கள். 2020இல் வெளியான ஒரு ஒப்பீட்டில் டெதர் போட்டவர்கள் 23 பேர், ஃப்யூஷன் செய்தவர்கள் 26 பேர். 2 முதல் 5 ஆண்டுகளுக்குள் டெதர் பக்கம் 9 மறு ஆபரேஷன்கள், ஃப்யூஷன் பக்கம் ஒன்றுகூட இல்லை. டெதர் போட்ட 12 பேருக்குக் கயிறு அறுந்த அடையாளம் இருந்தது. கயிறு அறுந்த எல்லோருக்கும் மறு ஆபரேஷன் தேவைப்படாது. அளவுக்கு மீறி நிமிர்ந்து எதிர்ப்பக்கம் சாய்வதும் உண்டு.

எனக்குத் தெரிந்தவருக்கு ஒரு ஆபரேஷனிலேயே சரியாகிவிட்டதே?

மகிழ்ச்சி. பலருக்கு அப்படித்தான் முடிகிறது. இரண்டாவது ஆபரேஷன் வரலாம் என்று தெரிந்தே, அசைவைக் காக்க அந்த விலையைக் கொடுக்கிறோம் என்று நீங்களும் மகளும் சேர்ந்து முடிவெடுத்தால் அது நல்ல முடிவு. ‘சின்ன ஆபரேஷன்’ என்று நம்பி எடுத்தால், கயிறு அறுந்த அன்று உடைந்துபோவீர்கள். அப்படி உடைந்து நின்ற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பையனுக்கு 17 வயது, 46 டிகிரி. டெதர்?

வளர்ச்சி முடிந்திருந்தால் கயிறு எதை நிமிர்த்தும்? மேலே படியுங்கள். இப்போதைக்குக் கண்காணிப்பு போதுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு பக்கத் தோளில் பை மாட்டுவதால்...

இதற்கு மேலேயே பதில் சொல்லிவிட்டேன். பை காரணமில்லை.

குழந்தைக்கு 3 வயது. பிறவியிலேயே பாதி முள்ளெலும்பு. எண்ணெய் போட்டு நீவினால் நேராகுமா?

ஆகாது, நீவவும் வேண்டாம். எலும்பே பாதியாக உருவான நிலை இது. டெதரும் பொருந்தாது. முதலில் இதயத்துக்கு எக்கோ, சிறுநீரகத்துக்கு ஸ்கேன், முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு, குழந்தைகளின் முதுகைப் பார்க்கும் மருத்துவரிடம் நேரில் போங்கள்.

டிகிரி தெரியவில்லை. லேசாக வளைந்திருக்கிறது. சின்னக் கீறல் போதுமா?

நின்றபடி முழு முதுகு எக்ஸ்ரே எடுத்து, கோணத்தோடு வாருங்கள். 25 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் என்ற பேச்சே எழாது.

அக்கா, எனக்கு 15 வயது. அடுத்த மாதம் ஃப்யூஷன், மார்புப் பகுதியில் மட்டும். கால் விளங்காமல் போய்விடுமா? பரதம் ஆட முடியுமா?

நீயே கேட்டதற்கு நன்றி கண்ணா. நரம்புப் பாதிப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும். ஆபரேஷன் முழுக்க உன் தண்டுவடத்தின் மின்சைகைகளைத் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சைகை மங்கினால் உடனே நிறுத்திச் சரிசெய்வார்கள். ‘நியூரோமானிட்டரிங் உண்டா’ என்று உன் டாக்டரிடம் நீயே கேள்.

ஓரிரு நாளில் எழுந்து நடப்பாய். அரைமண்டி இடுப்பிலும் முழங்காலிலும் இருக்கிறது, அதை யாரும் தொடப்போவதில்லை. மேல்முதுகை வளைக்கும் இடங்களில் மட்டும் மாற்றம் தெரியும். சலங்கையை எப்போது கட்டலாம் என்று உன் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சொல்வார், பெரும்பாலும் சில மாதங்கள் ஆகும். அதுவரை அமர்ந்தபடி முத்திரையும் அபிநயமும் பழகு. ஆடத் தொடங்கியதும் இங்கே வந்து சொல்.