ஐம்பதைத் தாண்டிக் கல்வெட்டு படிக்க வருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி (57 வயது, வங்கிப் பணி, திருச்சி): அடுத்த வருடம் ஓய்வு. கோயிலுக்குப் போனால் சாமியைவிடச் சுவரைத்தான் அதிகம் பார்க்கிறேன். இந்த வயதில் கல்வெட்டு படிக்க வருமா? எங்கே தொடங்குவது?

பதில்: வரும் ஐயா. தமிழி (தமிழ் பிராமி), வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வகைகள் இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ராஜராஜன் காலத் தமிழ் எழுத்தில் தொடங்குங்கள். ட, ப, வ போன்றவை பார்த்ததுமே பிடிபடும்.

தடுக்கி விழும் இடங்களை முன்பே சொல்லிவிடுகிறேன். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் இருக்காது. 'கொடு', 'கோடு' இரண்டும் ஒன்றுபோலவே வெட்டப்பட்டிருக்கும். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம் என்பதால் 'கர' என்று படிப்பது 'கா'வாகவும் இருக்கலாம். பொருளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நடுநடுவே வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்தும் வரும்.

நேராகச் சுவரில் தொடங்க வேண்டாம். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் பெரும்பகுதி தஞ்சைப் பெரிய கோயில்தான். அதில் ஒரு கல்வெட்டை எடுத்து, சுவரின் படத்தையும் அச்சு வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 'திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்' என்று தொடங்கும் மெய்க்கீர்த்தியை, அதாவது அரசன் புகழ் பாடும் முன்னுரையை, மனப்பாடம் செய்யுங்கள். ராஜராஜனின் கல்வெட்டுகளில் அது திரும்பத் திரும்ப வரும். வாசகம் மனதில் இருந்தால் எழுத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். ஒரு நாளைக்கு இரண்டு வரி, முக்கால் மணி நேரம் போதும்.

கண்ணாடி விஷயம் முக்கியம். மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை உள்ள கண்ணாடியோடு சுவரைப் படித்தால் கழுத்து போய்விடும். 60 சென்டிமீட்டர் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில், ஜகதி, குமுதம் என்ற கீழ் அடுக்குகளில் உள்ள வரிகள் முழங்கால் உயரத்தில் இருக்கும். குந்தி உட்காராதீர்கள், ஒரு முக்காலி எடுத்துப் போங்கள்.

கேள்வி: எழுத்தில் சாக்பீஸ் தேய்த்தால் தெளிவாகத் தெரிகிறதே, செய்யலாமா?

பதில்: கூடாது. வெள்ளையை நிரப்பும்போதே அது என்ன எழுத்து என்று நீங்கள் முடிவு செய்துவிடுகிறீர்கள். அடுத்து வருபவர் கல்லைப் படிப்பதில்லை, உங்கள் முடிவைத்தான் படிக்கிறார். தூள் கல்லின் நுண்துளைகளிலும் தங்கிவிடும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். இடப்பக்கமிருந்து ஒரு படம், வலப்பக்கமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று எடுங்கள்.

கேள்வி (50, இல்லத்தரசி, சேலம்): மைப்படி (கல்லெழுத்தை மை ஒற்றித் தாளில் எடுக்கும் படி) எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பதில்: அனுமதி இல்லாமல் கோயில் சுவரில் கை வைக்காதீர்கள் அம்மா. முதலில் வீட்டு அம்மியில் பழகுங்கள். கொத்தி வைத்த அம்மி இதற்கு அருமையான கல். பிரஷ்ஷால் தண்ணீர் விட்டுக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு அடர்ந்த மயிருள்ள பிரஷ்ஷால் செங்குத்தாகத் தட்டித் தாளைப் பள்ளத்துக்குள் இறக்குங்கள். அரை ஈரம் காய்ந்ததும் துணிப் பொதியில் மை தொட்டு, முதலில் ஒரு பலகையில் ஒற்றி, அதன் பிறகு தாளில் மெல்ல ஒற்றுங்கள். மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். ஈரம் அதிகமானால் மை பரவும். முழுக்கக் காய்ந்துவிட்டால் தாள் கல்லை விட்டு எழும்பி எழுத்து இரட்டை விழும். பொதியில் மை மிஞ்சினால் பள்ளமும் கறுத்துப்போகும், அந்தத் தாள் வீண்.

கேள்வி: சாக்பீஸ் வேண்டாம் சரி, கோலமாவு?

பதில்: வேண்டாம். காரணம் மேலே இருக்கிறது.

கேள்வி (63, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்): இந்த வயதில் எழுத்துக் கூட்டிப் படிப்பானேன்? வயது தரும் அனுபவமே ஞானம்தானே. உத்திரமேரூர்க் கல்வெட்டே பெரியவர்களைத்தானே பொறுப்புக்கு அழைக்கிறது?

பதில்: ஐயா, அந்தக் கல்வெட்டையே பார்ப்போம். சோழ அரசன் முதலாம் பராந்தகன் காலத்தில் அங்கே, ஊர்க் காரியங்களைப் பார்க்கும் வாரியம் என்ற குழுக்களுக்கு ஆளெடுக்க இரண்டு ஏற்பாடுகள் வெட்டப்பட்டன. பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுச் சீட்டு எடுப்பார்கள். 919இல் உள்ளது வாரியத்துக்கு 30க்கு மேல் 60க்குள் என்கிறது. இரண்டே வருடத்தில், 921இல், அதை 35க்கு மேல் 70க்குள் என்று மாற்றினார்கள். அந்த வயது இருந்தால் மட்டும் பெயர் குடத்துக்குள் போய்விடாது. வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி எல்லாம் வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வர முடியாது. சம்வத்ஸர (ஆண்டு) வாரியத்துக்கு வித்யாவிருத்தர், வயோவிருத்தர் என்று இரு வகையினரைத் தனித்தனியே சொல்கிறது. கல்வியில் முதிர்ந்தவர் வேறு, வயதில் முதிர்ந்தவர் வேறு. இரண்டும் ஒன்றென்றால் ஒரு சொல்லே போதுமே.

கேள்வி (அதே தலைமையாசிரியர்): வயோவிருத்தருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்களே!

பதில்: கொடுத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் குடத்துக்குள் பெயர் போகவே கல்வியும் வேண்டியிருந்தது.

கேள்வி (45, சென்னை): உலகின் முதல் மக்களாட்சித் தேர்தல் அதுதானே?

பதில்: இல்லை. அது ஒரு பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுத்த ஊரின், சபை. நிலமும் வேதக் கல்வியும் இல்லாதவர் பெயர் அந்தக் குடத்தில் இல்லை. 30 குடும்புகள் (ஊரின் பிரிவுகள்), ஓலை, குடம், சீட்டை எடுக்க ஒரு சிறுவன் என்று அந்த ஏற்பாட்டின் நுணுக்கம் வியக்க வைப்பதுதான். அதற்காகக் கல்லில் இல்லாததைப் படிக்கக் கூடாது. சாக்பீஸ் தேய்ப்பதும் இதே தவறுதான்.

கேள்வி: 'சாவா மூவாப் பேராடு' என்றால்?

பதில்: கோயிலின் நந்தா விளக்குக்கு (அணையா விளக்கு) கொடுக்கும் ஆடுகள், பெரும்பாலும் 96. அவற்றைப் பெற்றவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருந்தார்கள். அதனால்தான் அவை சாவதுமில்லை, மூப்பதுமில்லை.

கேள்வி: எழுத்தில் மஞ்சள் தூள்...

பதில்: மஞ்சள், விபூதி, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

கேள்வி (60, விவசாயி, கும்பகோணம் பக்கம்): படிப்பு எட்டாவதோடு சரி. எழுத்து ஏறுவது சிரமம். என்னால் ஆகிற வேலை ஏதாவது உண்டா?

பதில்: உங்களால் ஆகிற வேலை எங்களால் ஆகாதது ஐயா. நிலக்கொடைக் கல்வெட்டுகளில் 'கீழ்பாற்கெல்லை' (கிழக்கு எல்லை), 'தென்பாற்கெல்லை' என்று வாய்க்கால், மடை, வதி, திடல் பெயர்கள் வரும். ஓர் எழுத்து சிதைந்திருந்தால் படிப்பவர் ஊகிக்கத்தான் முடியும். அந்தப் பெயர் இன்றும் வயலில் புழங்குகிறதா என்பது உங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் ஊர்க் கல்வெட்டு 1887 முதல் வரும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் பதிவாகியிருக்கிறதா என்று பள்ளிப் பிள்ளை ஒருவரை வட்டம், ஊர் வாரியாகத் தேடச் சொல்லுங்கள். அச்சான வாசகம் கிடைத்தால் எல்லைப் பகுதியை மட்டும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தெரிந்த பெயர் காதில் விழுந்ததும் அந்த இடத்துக்கு நடந்து போய், எந்தத் திசை, என்ன பயிர், எந்த மடையிலிருந்து பாய்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கோயிலில் திருப்பணி பேச்சு எழுந்தால், சாமியைத் தற்காலிகமாக இடம் மாற்றும் பாலாலயத்துக்கு முன்பே எல்லாச் சுவரையும் படம் எடுத்துவிடச் சொல்லுங்கள். கல்லைப் பிரித்துத் திரும்ப அடுக்கும்போது வரிசை மாறிப்போகும்.