கிட்டாரோடு ஊர் ஊராகப் போய்ப் பாடி வாழ முடியுமா?

முடியும். காங்கேயத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு பன்னிரண்டு ஆண்டுகளாக நான் அதைத்தான் செய்துவருகிறேன். கோவையில் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக எழுதிய நாட்டுப்புறப் பாடல்களோடு கொங்கு நாட்டைச் சுற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையை விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

மாசி தொடங்கி வைகாசி வரை மாரியம்மன் நோம்பிகள் (கோயில் திருவிழாக்கள்) வரிசையாக வரும். அந்த நான்கு மாத வருமானத்தில்தான் ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நிகழ்ச்சிகூட அமையாத வாரங்கள் உண்டு. அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு வாடகை அதிலிருந்துதான். முன்பணம் வாங்காமல் எங்கும் போகாதீர்கள். ஒரு கல்லூரி விழாவில் இரண்டு மணி நேரம் பாடிவிட்டுப் பணத்துக்காக எட்டு மாதம் நடந்தேன், கடைசிவரை வரவில்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்திலும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பணத்தைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது கிட்டார்தான். தாராபுரம் பக்கத்து ஊர் ஒன்றில் முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மிக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர் ஓர் அடி பாட, ஆடுகிறவர்கள் அதையே திருப்பிப் பாடிச் சுற்றி வந்தார்கள். நானும் ஆர்வத்தில் கிட்டாரை எடுத்துச் சேர்ந்துகொண்டேன். ஒரு சுற்று முடிவதற்குள் கால்கள் தடுமாறத் தொடங்கின. அவர்களுடைய அடி மூன்று மூன்றாக விழுந்தது. என் கை சினிமாப் பாட்டுப் பழக்கத்தில் நான்கு நான்காக அடித்துக்கொண்டிருந்தது. ஓரமாக உட்கார்ந்திருந்த ஆத்தா ஒருவர், “கண்ணு, அதைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கை தட்டு” என்றார். அன்று இரவு முழுவதும் கைதான் தட்டினேன். எந்த இசை வகுப்பிலும் அவ்வளவு கற்றதில்லை.

அதற்குப் பிறகு வரிக்கு வரி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) மாற்றுவதை நிறுத்திவிட்டேன். நம் மெட்டுகள் ஒரு சுருதியின் மேல் நின்று நகர்பவை. மேஜர், மைனர் என்று மாற்றிக்கொண்டே போனால் அவற்றின் நிறம் போய்விடுகிறது. கிட்டாரின் ஆறாவது கம்பியை ஈ (E) சுரத்திலிருந்து டீ (D) சுரத்துக்கு இறக்கிவைத்தால், ஐந்தாவது, நான்காவது கம்பிகளோடு சேர்ந்து ச, ப, ச என்று தம்பூராவைப் போல ஒலிக்கும். அதன் மேல் பாடுங்கள். உங்கள் குரலுக்கு அது தாழ்வாக இருந்தால் கேபோ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டுச் சுருதியை ஏற்றிக்கொள்ளலாம்.

பாட்டு எழுதுவதற்கு எனக்கு வழிகாட்டியவர் என் அப்புச்சி, அம்மாவின் அப்பா. மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கவலையில் தண்ணீர் இறைத்த காலத்துப் பாட்டுகளைக் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி பாடிக் காட்டுவார். மாடுகள் சரிவில் இறங்கும்போது சாலை இழுக்கும் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு ஓர் அடியை நீட்டிப் பாட வேண்டும். நீர் மொள்ளும் சால் மேலே வந்து வாய்க்காலில் தண்ணீர் கொட்டும்போது அடி முடிய வேண்டும். மாடுகள் பின்னோக்கி ஏறும் நேரம் மூச்சு வாங்கிக்கொள்வதற்கு. சரிவின் நீளமே அடியின் நீளம்! 1932இல் நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்தது. பிறகு கிணறுகளில் மோட்டார் ஏற ஏற, அந்தப் பாட்டுக்கு வேலை இல்லாமல் போனது. ஆயிரம் அடி இறங்கியும் நீர் காணாத ஆழ்துளைக் கிணறு பற்றி ஒரு பாட்டு எழுதியபோது அப்புச்சியின் அந்த அளவையே எடுத்துக்கொண்டேன். நான் எழுதியவற்றில் ஊர்க்காரர்கள் திருப்பிக் கேட்கும் பாட்டு அதுதான்.

உடுக்கை அடித்துக் கதை சொல்லும் உடுக்கடிப் பாட்டையும் இரவு முழுவதும் இருந்து கேளுங்கள். பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களைப் பற்றிய அண்ணன்மார் கதையைப் பாடுகிறவர் பாட்டையும் வசனத்தையும் மாற்றி மாற்றிப் பின்னுவார். 1965இல் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் எங்கள் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் அந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அவருக்கு இருந்த பொறுமை நமக்கும் வேண்டும். இரண்டு பாட்டுக்கு நடுவில் என்ன பேசுவது என்று திணறுகிறவர்களுக்கு உடுக்கடிக்காரர்களைவிட நல்ல ஆசான் கிடையாது.

ஒன்றில் மட்டும் தவறிவிடாதீர்கள். கேட்டு வாங்கிய மெட்டைச் சொந்த மெட்டு என்று பதிவு செய்யாதீர்கள். வரிகள் உங்களுடையவை என்றால் அவற்றுக்கு உரிமை கொண்டாடுங்கள். மெட்டு யாரிடமிருந்து வந்தது என்பதை, அவர் சம்மதித்தால், மேடையில் பெயர் சொல்லி அறிவியுங்கள். காரமடைப் பக்கத்து வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆண்களே ஆடிவந்த அந்த வகைக் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். பெயரே வெளியில் தெரியாமல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

வேலையை இப்போதே விட வேண்டாம். அரங்கேற்றத்துக்கு முன் பல வாரங்கள் இரவில் கும்மிப் பயிற்சி நடக்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று விசாரித்து, வேலை முடிந்ததும் அங்கே போங்கள். முதல் வாரம் கிட்டார் வீட்டிலேயே இருக்கட்டும்.