டெங்கு விட்டபிறகு கண் நடுவில் புகை

தம்பி, நத்தாருக்கு யாழ்ப்பாணம் போய் டெங்கு வந்ததென்றும், காய்ச்சல் விட்டதும் லண்டன் திரும்பியதென்றும், மூன்று நாளாய் இடக்கண்ணின் நடுவில் புகை மாதிரி ஏதோ மறைக்கிறதென்றும் எழுதியிருந்தீர். களைப்போ, ஜீபியிடம் (குடும்ப டொக்டரிடம்) இன்னும் பதியவில்லையே, கண் டொக்டருக்குக் காசு எவ்வளவு போகும் என்று கேட்டிருந்தீர்.

காசுக் கதையை முதலில் முடிப்போம். மாணவர் விசாவோடு வருஷத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம் கட்டித்தானே வந்தீர்? அது இதற்குத்தான். பதிவு இல்லாவிட்டாலும் அவசரப் பிரிவுக்குப் போகலாம். சிற்றி றோட்டில் மூர்ஃபீல்ட்ஸ் ஆஸ்பத்திரியில் கண்ணுக்கென்றே அவசரப் பிரிவு இருக்கிறது. இன்றைக்கே போம்.

ஏன் இந்த அவசரம் என்றால், நான் பிந்திப்போன ஆள். 2017இல் இலங்கை முழுக்க 186,000 பேருக்கு டெங்கு என்று கணக்கு வந்ததே, அதில் நானும் ஒருவன். திரும்பி வந்து ஹரோவில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். 183 வருகிறது. எனக்கு 1உம் 3உம் தெரிகிறது, நடுவில் 8ஐக் காணோம். கண் சிவக்கவில்லை, நோவில்லை, பீளையில்லை. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். நான் தலையைச் சரித்துச் சரித்து ஓரப்பார்வையால் வாசித்து நல்லாய்ப் பாஸ் பண்ணிவிட்டேன்! கண் காய்ந்துபோயிருக்கிறதாம் என்று துளிமருந்து தந்தார்கள். அதோடு பத்து நாள் போய்விட்டது.

கடைசியில் கண் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர்தான் "அண்மையில் எங்கே பயணம் போனீர்கள்?" என்று கேட்டா. வெளிச்சத்தாலேயே விழித்திரையை அடுக்கடுக்காய்ப் பிரித்துக் காட்டுகிற ஓசிடி ஸ்கான் எடுத்தபோது, நேரே பார்க்க உதவும் நடுப்புள்ளி வீங்கியிருந்தது. காய்ச்சல் தொடங்கி ஒரு கிழமை அளவில், இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் ஆகக் குறையும் நாட்களை ஒட்டித்தான் இது பெரும்பாலும் வருமாம். காய்ச்சல் விடும் நேரமும் அதுதான், அதனால் சுகமாகிவிட்டது என்று நாங்கள் இருந்துவிடுகிறோம்.

டெங்கு வைரஸில் எல்லா வகையும் கண்ணை ஒரே மாதிரித் தாக்குவதில்லை. சிங்கப்பூரில் 2005இல் முதலாம் வகை பரவியபோது ஆஸ்பத்திரியில் இருந்தவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு இந்தக் கோளாறு கண்டார்கள். 2007இல் இரண்டாம் வகை பரவியபோது ஒருவரிடமும் காணவில்லை.

பயப்படவேண்டாம், பலருக்குப் பார்வை தானாகவே தேறிவிடும். வீக்கம் கடுமையென்றால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள், அது அவர்கள் முடிவு. எனக்கு மூன்று மாதம் எடுத்தது. வெள்ளைச் சுவரைப் பார்த்தால் இன்றைக்கும் மெல்லிய கறை ஒன்று தெரியும்.

வீட்டில் ஒன்று செய்து பாரும். கட்டம் போட்ட கணக்குக் கொப்பியை விரித்து, ஒவ்வொரு கண்ணாய்ப் பொத்திக்கொண்டு நடுவில் பாரும். கோடு வளைந்தாலோ கட்டம் காணாமற்போனாலோ அதையும் அங்கே சொல்லும். ஆனால் இதில் சரியாய்த் தெரிந்தது என்று போகாமல் விடவேண்டாம்.

வரவேற்பு மேசையில் "கண் மங்கல்" என்று மட்டும் சொன்னால் மணிக்கணக்காய் இருத்திவிடுவார்கள். "இலங்கையிலிருந்து வந்தேன், இன்ன திகதி டெங்குக் காய்ச்சல் தொடங்கியது, இன்ன திகதி பார்வை மறைந்தது" என்று முதல் வசனமாய்ச் சொல்லும். யாழ்ப்பாணத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனைத் துண்டுகள் இருந்தால் கொண்டுபோம். இங்கே நுளம்புக் காய்ச்சல் உடனே எவருக்கும் ஞாபகம் வராது.

உம்மோடு ஊருக்கு வந்தவர் எவருக்கும் சிக்குன்குனியா வந்திருந்தால் அவருக்கும் சொல்லிவையும். அதில் கண் கோளாறு காய்ச்சல் விட்டுச் சில கிழமை, மாதம் கழித்தும் வரும். கண் சிவந்து, வெளிச்சம் பார்க்கக் கூசும்.

பிளேட்லெட் ஏறியது உறுதியாகும்வரை தலையிடிக்குப் பனடோல் மட்டும், ஐபுபுரோஃபென், அஸ்பிரின் வேண்டாம். ஆஸ்பத்திரியில் கண்மணியைப் பெரிதாக்கத் துளி விடுவார்கள், சில மணி நேரம் எல்லாம் மங்கலாய்த்தான் இருக்கும். சைக்கிளில் போகாமல் அறைத் தோழன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போம்.